பத்து நிமிடம் தொடாமல் இருந்தால்

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குப் பொறுக்காது. அடுத்தவர் வீடாக இருந்தாலும் எழுந்துபோய் அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன். ஒரு கல்யாண வீட்டில் அப்படி ஒரு சுவிட்சைத் தட்டப்போய், உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட்டு, என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் திருந்தவில்லை. முப்பத்து மூன்று வருடம் மின்சார ஆபீஸில் மீட்டர் ரீடராக இருந்தவன் வேறு எப்படி இருப்பான்? தெருவில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘மீட்டர்’ என்றால் குழந்தைகூட வழி காட்டும்.

மீட்டரைப் பார்த்தே நான் வீட்டைச் சொல்லிவிடுவேன். இந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், இந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, இந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, வெந்நீர் ஹீட்டர் ஓயவில்லை என்று வாசலில் நின்றபடியே சொல்வேன். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் எப்போதும் மற்றவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எதிரி வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர். மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுவிட்டுப் போனது. மேசைக்கடியில் ஒரு பெரிய பெட்டி, மேலே ஒரு திரை, திரையின் நெற்றியில் ஒரு கேமரா. இரண்டு வருடம் துணி போர்த்தி மூலையில் கிடந்தது. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் என் மனைவி அந்தத் துணியை எடுத்தாள். அன்றிலிருந்து ஆபீஸ் நடத்துவது போல, காலை எட்டுக்குப் போட்டால் மாலை ஏழுக்குத்தான் அணைப்பாள். சனிக்கிழமை மட்டும் அணைப்பதே இல்லை. நாற்காலியிலேயே கண்ணயர்வாள்.

ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பேச்சே கிடையாது. திரையில் மகள் வீட்டுச் சமையலறை தெரியும். பாதி பிரிட்ஜ், ஒரு மேசை, சுவரில் ஒரு கடிகாரம், ஒரு ஜன்னல். மகள் வருவாள், காய் நறுக்குவாள், தண்ணீர் குடிப்பாள், புத்தகம் படிப்பாள். இந்தப் பக்கம் இவள் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். துணிக்கடைக்காக அந்த வேலையை எடுத்துச் செய்கிறாள். ஒரு நாள் முழுக்க இரண்டு பேருக்கும் நடுவில் பத்து வார்த்தை நடந்தால் அதிகம். மாப்பிள்ளையின் குரல் கேட்டால் மட்டும் இவள் ஊசி நின்றுவிடும். மாப்பிள்ளை என்ற மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தங்கமான பையன். நான் பார்த்துப் பார்த்துத் தேடிய சம்பந்தம். ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை, இரவு ஷிப்ட், மாலை ஏழுக்குப் போய்க் காலை எட்டுக்கு வீடு திரும்புவார். சனிக்கிழமை லீவு. திரையில் என்னைக் கண்டால், “மாமா, சாப்பிட்டாச்சா?” என்று தலையைச் சாய்த்துக் கேட்பார். நான் உள்ளம் குளிர்ந்துபோவேன்.

“எதுக்கு இப்படி நாள் முழுக்க ஓட விடறே?” என்று முதல் வாரமே கேட்டேன்.

“எனக்கு அடிக்கடி தலை சுத்துது. விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்? அவ கண்ணுல பட்டுக்கிட்டு இருந்தா நல்லதுதானே. மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன்” என்றாள்.

“அப்ப நான் எதுக்கு இருக்கேன்? சுவத்துல மாட்டின படமா?”

“நீங்க வெளிய போயிடறீங்க.”

“போறது அரை மணி நேரம்.”

“விழுறதுக்கு அரை நிமிஷம் போதும்” என்றாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. குத்துக்கல்லாட்டம் ஒரு புருஷன் வீட்டில் இருக்க, பத்து மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் மகள் ஒரு கண்ணாடி வழியாக இவளுக்குக் காவலா? அதைவிட, இவள் குளிக்கப் போனாலும் கடைக்குப் போனாலும் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். காலி நாற்காலிக்கு முன்னால் ஓடும் கம்ப்யூட்டர்! முப்பத்து மூன்று வருட உத்தியோகத்துக்கே அவமானம்.

சண்டை போட்டு ஆகாது என்று தெரிந்ததும் புத்தியால் ஜெயிக்கப் பார்த்தேன். பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிடும்படி வைக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். போன வாரம் இவள் மாடிக்குத் துணி காயப்போடப் போன நேரத்தில் செட்டிங்கில் தேடிப் பிடித்து, பத்து நிமிடம் என்று வைத்தேன். பிறகு கைக்கடிகாரத்தோடு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பத்து ஆனது, பதினைந்து ஆனது, அரை மணி ஆனது. அது விடாக்கண்டனாக விழித்துக்கொண்டே இருந்தது.

நான் கொடாக்கண்டன். நேராகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பல்குச்சியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளியபடி கேட்டுக்கொண்டார்.

“வீடியோ கால் ஓடுதுல்ல சார், அதான். அந்த புரோகிராம் ‘தூங்காதே, தூங்காதே’ன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கும். அது சொல்ற வரைக்கும் நீங்க வச்ச பத்து நிமிஷம் செல்லாது.”

“அது சொல்றதைக் கேக்காதேன்னு நாம சொல்ல முடியாதா?”

அவர் சிரித்தார். ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதினார். “இதை அப்படியே அடிங்க. அப்புறம் எவன் தூங்காதேன்னாலும் அது காதுல வாங்காது.” காகிதத்தை நீட்டியவர் ஒரு கணம் பிடியை விடவில்லை. “ஆனா சார், எதுக்காக முழிச்சிருக்குன்னு வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”

“எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றேன்.

நான் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான்.

இரண்டு நாள் கழித்து இவளுக்குப் பல் பிடுங்கும் நாள் வந்தது. கடைவாய்ப்பல் வீங்கி, தள்ளிப்போட முடியாமல், பல் டாக்டரிடம் பத்து மணிக்கு நேரம் வாங்கியிருந்தாள். கிளம்பும்போது வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“நான் வர்ற வரைக்கும் இதைத் தொடாதீங்க. ஓடட்டும். இந்த நாற்காலியிலேயே உக்காந்து பேப்பர் படிங்க. அவ கண்ணுக்கு யாராவது தெரியணும்.”

“தலைசுத்தல்காரி நீ, காவல் எனக்கா?”

“உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்” என்றாள்.

அவள் கெஞ்சுகிற ஜாதி இல்லை. கல்யாணமாகி முப்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அது என் காதில் விழுந்தது, அதற்குமேல் போகவில்லை. சரி சரி என்று அனுப்பிவிட்டுக் காகிதத்தை எடுத்தேன்.

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக அடித்தேன். மகள் அந்தப் பக்கம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். “என்னப்பா பண்றீங்க?” என்றாள். “சும்மாம்மா, பேப்பர் படிக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது வரியையும் அடித்து முடித்தேன். பத்து நாற்பது. பிறகு சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். நாற்காலியை விட்டு எழுந்து, கேமராவின் பார்வைக்கு வெளியே சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். இந்த முறை சோதனை சுத்தமாக நடக்க வேண்டும். பிரிட்ஜையும் மின்விசிறியையும்கூட அணைத்து வைத்திருந்தேன். மீட்டரில் ஓடுவது கம்ப்யூட்டர் மட்டும்தான் என்று தெரிய வேண்டுமே.

தொடாதீங்க என்றாள் இவள். நானும் பத்து நிமிடம் தொடவில்லை.

ஒன்பதாவது நிமிடத்தில் திரையின் ஓரத்தில் மாப்பிள்ளை வந்து நின்றார். பிரிட்ஜின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். எங்கள் வீட்டு நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். மகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேமரா பக்கம் திரும்பினாள். அவள் வாய் அசைந்தது. சத்தம் இல்லாததால் எனக்குக் கேட்கவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அப்போது திரை கறுத்தது. பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி நின்றது. முன்னால் இருந்த சின்ன விளக்கு மூச்சு விடுவது போல மெதுவாக மின்ன ஆரம்பித்தது.

எனக்குத் தலை கால் புரியவில்லை. சட்டைகூடப் போடாமல், பனியனோடு கேட்டருகே இருக்கும் மீட்டருக்கு ஓடினேன். நிமிடத்துக்கு ஏழு முறை மின்னிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறைதான் மின்னியது. எதிர்வீட்டுத் தபால்காரரை, அவரும் ஓய்வு பெற்றவர்தான், கூப்பிட்டுக் காட்டினேன். “பாத்தீங்களா? சும்மா இருந்தா சும்மா இருக்கணும்” என்றேன். இரண்டு பேரும் கடிகாரம் வைத்து எண்ணினோம். கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த கால் மணி நேரங்களில் அதுவும் ஒன்று என்பதை இப்போது சொல்லக் கூசுகிறது.

இவள் பன்னிரண்டுக்கு வந்தாள். கன்னம் வீங்கி, வாய் நிறையப் பஞ்சு. ஒரு மணி நேரம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். செருப்பைக் கழற்றியபடி திரையைப் பார்த்தாள். ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

நான் பெருமையாக, “பாத்தியா? தானா தூங்கிடுச்சு” என்றேன்.

அவள் ஓடிவந்து மவுஸை உலுக்கினாள். திரை விழித்தது. அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. சத்தத்தைக் கூட்டி, மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, எனக்குப் புரியவில்லை. சட்டென்று வாயிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். தைக்க வைத்திருந்த வெள்ளைச் சட்டை மேல் அது ரத்தத்தோடு விழுந்தது.

“எப்ப நின்னுச்சு?”

“என்னது?”

“எப்ப நின்னுச்சுன்னு கேக்கறேன்!”

“பத்து அம்பது இருக்கும். இப்ப என்ன ஆயிடுச்சு? தலைசுத்தல்காரி நீ முழுசா வந்துட்டியே.”

“எனக்குத் தலையும் சுத்தல, ஒண்ணும் சுத்தல. ஒரு நாள்கூடச் சுத்தினது கிடையாது.” உதட்டோரம் ரத்தம் வழிய, துடைக்காமல் சொன்னாள். “அவன் அவளை அடிக்கிறாங்க.”

“யாரு?” என்று கேட்டேன்.

என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இப்போது இருக்கிறது. யாரு என்று கேட்டேன்.

“கேமரா ஓடிக்கிட்டிருந்தா கை ஓங்க மாட்டான். அத்தை பாக்கறாங்கன்னு பயம். நல்லவன்னு பேர் எடுக்கணும் அவனுக்கு. எனக்குத் தலைசுத்தல்னு சொன்னதால போடாதேன்னும் சொல்ல முடியல. அவன் வீட்டுல இருக்கற நேரம் பூரா அவ அந்தச் சமையலறையை விட்டு நகர மாட்டா. அஞ்சு மாசமா ஒரு அடி விழலைங்க. ஒரு அடி.”

எட்டு முதல் ஏழு வரை. சனிக்கிழமை விடிய விடிய. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நேரமும் இந்தக் கம்ப்யூட்டர் ஓடிய நேரமும் நூல் பிடித்தாற்போல ஒன்றாக இருந்தன. ஊரார் வீட்டையெல்லாம் வாசலில் நின்று படித்தவன், என் வீட்டுக் கூடத்தில் ஐந்து மாதம் கண்ணுக்கு முன்னால் ஓடியதைப் படிக்கவில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னாளே!” என்று கத்தினாள். “போன வருஷம் வந்து நின்னு சொன்னாளே. நீங்க என்ன சொன்னீங்க?”

எனக்கு ஞாபகம் வந்தது. பெட்டியோடு வந்திருந்தாள். இதே கூடத்தில் நின்று, “அவருக்குக் கோபம் வந்தா கண்ணு தெரியாதுப்பா” என்றாள். “எனக்கு மட்டும் தெரியுதா? உங்கம்மாவைக் கேளு” என்று சொல்லி நான் சிரித்தேன். வீட்டுக்கு வீடு வாசப்படி என்றேன். மறுநாள் நானே ரயிலேற்றி, ஜன்னல் வழியாக ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

“போன் எங்க?” என்றாள் இவள். “உங்க போன்! திரை அணைஞ்சா அப்பாவுக்குப் போடு, இன்னிக்கு அப்பா வீட்லதான் இருப்பாருன்னு அவகிட்ட சொல்லி வச்சிருந்தேன்.”

போன் உள்ளறையில் ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. எடுக்காத அழைப்புகள் மூன்று. பத்து ஐம்பத்திரண்டு. பத்து ஐம்பத்திரண்டு. பத்து ஐம்பத்து மூன்று. மூன்றும் மகள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் நான் பனியனோடு கேட்டருகே நின்று சிவப்பு விளக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இவள் போனை என் கையிலிருந்து பிடுங்கி, மகள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் கண்டக்டரம்மாவைக் கூப்பிட்டாள். பஸ் கண்டக்டர். அவளுக்கும் விஷயம் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. காலை டூட்டி முடித்து இப்போதுதான் டெப்போவை விட்டு வருகிறாளாம். “இதோ ஓடறேன்கா” என்றாள் அவள்.

அதற்குள் கம்ப்யூட்டரில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த அழைப்பை யாரோ எடுத்தார்கள். மாப்பிள்ளை. தலை வாரி, முகம் கழுவி, புதுச் சட்டை போட்டிருந்தார்.

“அத்தை, என்ன ஆச்சு? லைன் கட்டாயிடுச்சேன்னு நாங்க ரொம்பப் பயந்துட்டோம். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. அவ எங்க மாப்பிள்ளை?” இவள் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. ஐந்து மாதம் இப்படித்தான் பேசியிருக்கிறாள்.

“தலைவலின்னா. தூங்கறா.”

நான் திரையைப் பார்த்தேன். பழைய பழக்கம், கண் தானாகப் போய் நின்றது. சுவரில் கடிகாரம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. சுவரை ஒட்டி நிற்கும் பிரிட்ஜ் ஒரு சாண் தள்ளி, கோணலாக நின்றது. அது இருந்த இடத்தில் சுவரில் அழுக்குக் கோடு தெரிந்தது. மேசையில் பாதி நறுக்கிய பீன்ஸ் அப்படியே கிடந்தது. பிரிட்ஜ் தானாக நகராது. ஒரு ஆளைக் கொண்டுபோய் அதன் மேல் மோதினால்தான் நகரும்.

“மாப்பிள்ளை, கடிகாரம் எங்க?” என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “கீழ விழுந்துடுச்சு மாமா.”

“பிரிட்ஜ் ஏன் நகந்திருக்கு?”

அவர் கை மட்டும் லேப்டாப் மூடியை நோக்கி வந்தது.

“மூடாதே!” என்று கத்தினேன். அந்தப் பையனை நான் ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. “டேய், மூடாதே! நான் பாத்துக்கிட்டிருக்கேன்!”

மூடிவிட்டான்.

இவள் நாற்காலியில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் அசையவில்லை. மூச்சு விட்டால்கூட அங்கே ஏதாவது ஆகிவிடும் என்பது போல நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று எங்கள் கண் முன்னால் திரை கறுத்தது, காற்றாடி நின்றது. இவள் வீறிட்டாள். அங்கே என்னவோ ஆகிவிட்டது என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். எதுவும் ஆகவில்லை. நாங்கள் பத்து நிமிடம் தொடாமல் இருந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நான் மவுஸைப் பிடித்து உலுக்கினேன். திரை விழித்தது. அதற்குப் பிறகு கையை எடுக்கவில்லை.

போன் அடித்தது. கண்டக்டரம்மாவின் குரல் ஸ்பீக்கர் போடாமலே கூடம் முழுக்கக் கேட்டது.

“அக்கா, பொண்ணு இருக்கா. உசுருக்கு ஒண்ணும் இல்ல. குளியலறையில தள்ளி வெளிய தாழ்ப்பாள் போட்டு வச்சிருந்தான். உதடு கிழிஞ்சிருக்கு, கை மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு. நான் டெப்போவுல இருந்து ரெண்டு டிரைவரைக் கூட்டிக்கிட்டுத்தான் ஏறினேன். அவன் ஒதுங்கிட்டான். நேரா ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ். நீங்க புறப்பட்டு வாங்க.”

இவள் இரண்டு மணி ரயிலுக்குக் கிளம்பினாள். ஒரு பையில் இரண்டு துணி. ரவிக்கைக் கழுத்தோரத்தில் பொத்தான் ஊசி குத்தியபடியே இருந்தது, அவளுக்கு அது ஞாபகமில்லை. நானும் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

“நீங்க வேண்டாம்” என்றாள். “இங்க உக்காருங்க. அவ கூப்பிட்டா எடுங்க. அது போதும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வேலையாளுக்கு வேலை சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த இரண்டு வரியை எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எதைத் தொட்டால் எது கெடுமோ என்று பயமாக இருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டேன், சாப்பாட்டு நேரம் போல, எடுக்கவில்லை. அதனால் வலது கையை மவுஸ் மேல் வைத்து, கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

மூன்றரைக்குக் கடைக்காரரே கூப்பிட்டார். “என்ன சார், போட்டிருந்தீங்களே? தூங்குதா இப்ப?”

அழுகிறேன் என்பது அவருக்குக் கேட்டிருக்கும். “அதைத் தூங்கவே விடக்கூடாதுன்னா என்ன எழுதணும், சொல்லுங்க” என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல், கடையை மூடும்போது தானே நேரில் வருவதாகச் சொன்னார்.

நாலரைக்குக் கம்ப்யூட்டரில் அழைப்பு வந்தது. கண்டக்டரம்மாவின் வீட்டுக் கட்டில். லேப்டாப்பை எதிரே ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார்கள். மகள் சுவரில் சாய்ந்திருந்தாள். உதட்டில் மூன்று தையல், மணிக்கட்டில் மாவுக்கட்டு, இடது கண் பாதி மூடியிருந்தது. நான் இருபத்தாறு வருடம் பார்த்த முகம். அடையாளம் காண ஒரு கணம் பிடித்தது.

“அம்மா எங்க?” என்றாள்.

“ரயிலேறிட்டாம்மா. நடுராத்திரிக்குள்ள வந்துடுவா.”

தலையாட்டினாள். பிறகு, “மூணு தடவை போட்டேன்பா” என்றாள். குற்றம் சாட்டுவது போல இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

“வெளிய இருந்தேன்.”

“நாற்காலியில இருப்பீங்கன்னு அம்மா சொன்னாளே.”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கரண்ட் போய்விட்டது என்று சொன்னால் நம்பிவிடுவாள். “நான்தான்மா அதைத் தூங்க வச்சேன்” என்றேன். “தூங்க வச்சுட்டு மீட்டர் பாக்கப் போயிட்டேன்.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் பார்வை என் கைக்குப் போயிற்று.

“கையை ஏன் ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?”

“இல்லேன்னா பத்து நிமிஷத்துல மறுபடி தூங்கிடும். அதை மாத்த எனக்குத் தெரியல.”

“ஓ” என்றாள். நல்ல கையால் தலையணையைச் சரிசெய்துகொண்டு படுத்தாள். பிறகு, “அம்மா வர்ற வரைக்கும் இருப்பீங்களா?” என்று கேட்டாள்.

பஸ் நிலையத்தில் பக்கத்திலிருப்பவரிடம், கொஞ்சம் பையைப் பாத்துக்குவீங்களா என்று கேட்பார்களே, அப்படிக் கேட்டாள். முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போல. நான் அவளைப் பெற்றவன்.

“இருக்கேன்மா” என்றேன்.

அவள் கண்ணை மூடினாள். சிறிது நேரத்தில் வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராயிற்று. வெளியே வெளிச்சம் குறைந்து கூடம் இருட்டியது. எழுந்து விளக்குப் போடவில்லை. கை மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.